அக்கா மகனின் டிரம்பெட்: மூன்று ஞாயிறுகள் பழுதுபார்த்த குறிப்பு

"மாமா, எனக்கு உதடு பத்தலையாம். அதான் கீழ் சுரம் வரமாட்டேங்குது."

அக்கா மகன் இதைச் சொன்னபோது அவன் முகத்தைப் பார்க்கவே எனக்குக் கஷ்டமாக இருந்தது. பன்னிரண்டு வயது. ஆறு மாதமாக ஒரு நாள் விடாமல் டிரம்பெட் பழகுகிறான். யாரோ போகிற போக்கில் சொன்ன வார்த்தையை அப்படியே நம்பிவிட்டான்.

வாத்தியத்தை வாங்கி நான் ஊதிப் பார்த்தேன். நடு சுரங்கள் போர்வைக்குள்ளிருந்து வருவது போல மங்கலாக வந்தன. கீழே இறங்க இறங்க வெறும் காற்றுதான். விரலால் அழுத்தும் மூன்று வால்வுகளில் இரண்டாவதை அழுத்தினால் எழுந்து வரவில்லை, அடியிலேயே உட்கார்ந்துகொண்டது. ஒவ்வொரு வால்வோடும் சேர்ந்த, வெளியே இழுக்கக்கூடிய வளைகுழாய்தான் ஸ்லைடு. அதில் மூன்றாம் ஸ்லைடு அசையவே இல்லை. வாய் வைத்து ஊதும் மவுத்பீஸைக் கழற்றலாம் என்று பார்த்தால் அது குழாயோடு ஒட்டிப் பிறந்தது போல இறுகியிருந்தது. அதன் கழுத்தில் குறடு கடித்த பல்தடம் வேறு. "தப்பு உன் உதட்டில் இல்லை, இந்தக் குழாயில் இருக்கிறது. கொஞ்ச நாள் என்னிடம் இருக்கட்டும்" என்று சொல்லி வாங்கி வைத்துக்கொண்டேன். மூன்று ஞாயிற்றுக்கிழமைகளும், நடுவில் சில மாலைகளும் ஆயின. அந்த வேலையை நடந்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

விலை குறைந்த டிரம்பெட் என்றதும் உலோகமே மட்டம் என்று பலரும் நினைக்கிறார்கள். பெரும்பாலும் அதுவும் அதே மஞ்சள் பித்தளைதான், நூற்றுக்கு எழுபது பங்கு செம்பும் முப்பது பங்கு துத்தநாகமும். வால்வு அமைப்பும் 1830களின் இறுதியில் பாரிசில் பிரான்சுவா பெரினே வடிவமைத்த அதே பிஸ்டன் அமைப்புதான், அதாவது துளைகள் உள்ள ஒரு உருளை உறைக்குள் ஏறி இறங்குவது. விலை உயர்ந்த வாத்தியத்திலும் அதுவே இருக்கிறது. மலிவு வாத்தியத்தில் குறைவது கடைசி சில மணி நேர வேலை. பிசிறு தட்டுவது, மெருகுப் பசையை முழுக்கக் கழுவுவது, ஸ்லைடின் இரண்டு கால்களையும் இணையாக நிறுத்துவது, வால்வு மெத்தென்று மோதி நிற்க வைக்கும் கம்பளித்துணி வட்டமான ஃபெல்ட்டைச் சரியான கனத்துக்கு வெட்டுவது. இதில் முக்கால்வாசியை வீட்டு மேசையில் பொறுமையாக உட்கார்ந்து செய்துவிடலாம்.

முதலில் மவுத்பீஸ். அது வெளியே வராமல் குழாய்க்குள் தூரிகை போகாது, கழுவவும் முடியாது.

மவுத்பீஸ் மாட்டிக்கொள்வதற்குக் காரணம் பெரும்பாலும் ஒன்றுதான். 'பொப்' என்று சத்தம் வருகிறதே என்று உள்ளங்கையால் தட்டித் தட்டி விளையாடுவார்கள். மவுத்பீஸின் தண்டு கூம்பு வடிவம், ஏறக்குறைய 20 மி.மீ. நீளத்துக்கு அதன் விட்டம் 1 மி.மீ. குறுகும். இவ்வளவு மெல்லிய சரிவுள்ள கூம்பு கூம்புக்குள் இறுகினால் ஆப்பு அடித்தது மாதிரிதான். குறடு போட்டுத் திருகினால் என்ன ஆகும் என்றால், மவுத்பீஸ் வராது, அதைத் தாங்கும் குழாய் முறுக்கிக்கொள்ளும், அல்லது குழாயைப் பிடித்து நிறுத்தும் குறுக்குத் தாங்கியின் ஈயப்பற்று விட்டுப்போகும். இந்த வாத்தியத்தில் முதல் தாங்கியின் ஓரத்தில் மயிரிழை போல ஒரு விரிசல் இருந்தது. யாரோ ஏற்கெனவே திருகியிருக்கிறார்கள் என்பதற்கு அதுவே சாட்சி.

இதற்கென்றே ஒரு இழுப்பான் கருவி உண்டு. இரண்டு தாடையால் பிடித்து, இரு பக்கமும் உள்ள திருகைச் சம அளவில் திருகினால் மவுத்பீஸ் நேராக வெளியே தள்ளப்படும். அது கைவசம் இருந்தால் ஐந்து நிமிட வேலை. என்னிடம் இல்லை. பொருத்து வாயில் இளக்கும் எண்ணெய் இரண்டு சொட்டு விட்டு ஒரு இரவு செங்குத்தாக நிறுத்தி வைத்தேன். மறுநாள் மவுத்பீஸைச் சுற்றிப் பனிக்கட்டி வைத்த துணி, வெளிக்குழாயைச் சுற்றி வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணி. கணக்குப் போட்டால், 10 மி.மீ. விட்டமுள்ள பித்தளை 50 டிகிரி வெப்ப வித்தியாசத்தில் மாறுவது ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்குதான். ஆனால் இவ்வளவு மெல்லிய கூம்பில் அந்த நூறில் ஒரு பங்கே கணிசமான இடைவெளி. அப்புறம் வெளிக்குழாயின் விளிம்பைச் சுற்றிச் சுற்றி மரக்கரண்டியின் காம்பால் மெல்லத் தட்டினேன். கதவைத் தட்டும் அளவுக்குக்கூட வேகம் தேவையில்லை. முதல் நாள் வரவில்லை. இரண்டாம் நாள் மாலை, தட்டிக்கொண்டே இருக்கும்போது சத்தத்தின் தொனி மாறியது. இறுகிய பொருளின் 'டக்' போய் லேசான 'டிக்' வந்தது. கையால் இழுத்தேன், வந்துவிட்டது.

வந்ததும் தண்டின் நுனியைப் பார்த்தேன். ஒரு பக்கம் உள்ளே நசுங்கி, வட்டம் முட்டை வடிவமாக இருந்தது. கீழே போட்டதில் ஆகியிருக்கும். வழவழப்பான ஒரு கூம்பு இரும்பை உள்ளே விட்டு, சுழற்றிச் சுழற்றி அழுத்தினேன். நசுங்கல் மெல்ல வெளியே வந்தது. இதைச் சின்ன விஷயம் என்று விட்டுவிடக் கூடாது. காற்று முழுவதும் இந்த ஓட்டை வழியாகத்தான் உள்ளே போகிறது.

அடுத்தது குளியல். குளியல் தொட்டியின் அடியில் பழைய துண்டு விரித்து, வெதுவெதுப்பான தண்ணீர், பாத்திரம் தேய்க்கும் சோப்புத் திரவம் சில சொட்டு. கை பொறுக்காத சூடு கூடாது, மேலே உள்ள லாக்கர் பூச்சு உரிந்துவிடும். வால்வுகளைத் தனியே எடுத்து, பிஸ்டன் பகுதியை மட்டும் தண்ணீரில் நனைக்க வேண்டும். மேலே உள்ள ஃபெல்ட் வட்டங்கள் நனைந்தால் ஊதிப் போய் கனம் மாறிவிடும். இரண்டு முனையிலும் தூரிகை உள்ள நீள வளைகம்பியைக் குழாய்க்குள் விட்டு இழுத்தேன்.

வெளியே வந்ததைப் பார்த்து நான் வேலையை நிறுத்திவிட்டு விளக்கைக் கொண்டுவந்தேன். அழுக்கு வரும் என்று தெரியும். வந்தது வெறும் அழுக்கு இல்லை. சாம்பல் நிறத்தில் ஒரு பசை. விரல் நுனியில் வைத்துத் தேய்த்தால் மிக நுண்ணிய மணல் போல நறநறத்தது. தொழிற்சாலையில் மெருகு போட்டபோதோ பிஸ்டனைத் தேய்த்துப் பொருத்தியபோதோ மிஞ்சிய பசை, எண்ணெயோடும் எச்சிலோடும் குழைந்து உள்ளேயே இருந்திருக்கிறது. பையன் ஒவ்வொரு முறை வால்வை அழுத்தும்போதும் அந்தத் துகள் உலோகத்துக்கு உலோகம் தேய்த்துக்கொண்டிருந்தது. இரண்டாம் பிஸ்டனை வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால் மேலிருந்து கீழாக மெல்லிய கோடுகள், சீப்பு இழுத்தது போல. மூன்று முறை தண்ணீர் மாற்றினேன். வால்வு உறைகளுக்குள் பஞ்சு நூல் படாத மென்துணியைச் சுற்றி, வெள்ளைத் துணி வெள்ளையாகவே வரும்வரை துடைத்தேன். புது மலிவு வாத்தியம் வாங்கினாலும் ஊதுவதற்கு முன் இந்தக் குளியலைக் கொடுத்துவிட வேண்டும் என்று இதைப் பார்த்த பிறகு அடித்துச் சொல்கிறேன்.

காய்ந்த பிறகு வால்வுகளைப் போடும் வேலையைப் பையனிடமே கொடுத்தேன், கற்றுக்கொள்ளட்டும் என்று. போட்டுவிட்டு ஊதினான். காற்று ஒரு துளிகூடப் போகவில்லை. "மாமா, இப்ப மொத்தமாவே அடைச்சிருச்சு" என்று பயந்துவிட்டான். ஒன்றாம் வால்வும் மூன்றாம் வால்வும் இடம் மாறியிருந்தன. பிஸ்டன் மேல் 1, 2, 3 என்று எண் பொறித்திருக்கும், மவுத்பீஸ் பக்கத்தில் இருப்பது 1. ஒவ்வொரு பிஸ்டனிலும் துளைகள் வெவ்வேறு உயரத்தில், வெவ்வேறு கோணத்தில் இருக்கும். இடம் மாறினாலோ, சரியான இடத்திலேயே அரைச்சுற்று திரும்பியிருந்தாலோ, துளைக்கு எதிரே சுவர் வந்துவிடும். உள்ளே விட்டு மெல்லத் திருப்பினால் வழிகாட்டித் துண்டு அதன் பள்ளத்தில் விழும் 'கிளிக்' கேட்கும். வாத்தியத்தில் காற்றே போகவில்லை என்றால் வேறு எதையும் தேடுவதற்கு முன் இதைத்தான் பார்க்க வேண்டும்.

இனி, ஒட்டிக்கொள்ளும் இரண்டாம் வால்வு. கழுவிய பிறகும் பாதி அளவுதான் சரியானது. இந்த இடத்தில்தான் ஆட்கள் பற்பசையையோ உலோகம் துலக்கும் பசையையோ பிஸ்டனில் தடவி மேலும் கீழும் தேய்க்கிறார்கள். தயவுசெய்து செய்ய வேண்டாம். பிஸ்டனுக்கும் உறைக்கும் நடுவே இருக்கும் இடைவெளி ஒரு மில்லிமீட்டரில் நூறில் சில பங்குதான். அந்த மெல்லிய இடத்தை எண்ணெய்ப் படலம் நிரப்பிக் காற்றைத் தடுக்கிறது. தேய்த்து அகலமாக்கினால் வால்வு இலகுவாக ஓடும், காற்றும் பக்கவாட்டில் ஓடிவிடும். தேய்ந்த உலோகத்தைத் திரும்ப வைக்க வீட்டில் வழி கிடையாது.

தேய்ப்பதை விட்டுவிட்டு, எது உரசுகிறது என்று பிரித்துப் பார்த்தேன். ஸ்பிரிங், தண்டு, மேல் மூடி எதுவும் இல்லாமல் வெறும் பிஸ்டனை எண்ணெய் போட்டு உறைக்குள் விட்டேன். தன் எடையிலேயே வழுக்கி இறங்கியது. அப்படியென்றால் உறை நெளியவில்லை, பிஸ்டனும் நன்றாக இருக்கிறது. (இரண்டாம் ஸ்லைடு பக்கவாட்டில் துருத்திக்கொண்டு நிற்பதால், வாத்தியம் அந்தப் பக்கமாக விழுந்தால் அடி நேரே இரண்டாம் உறையில் இறங்கும். அதைத்தான் முதலில் பயந்தேன்.) அடுத்து வழிகாட்டித் துண்டோடு விட்டேன். அப்போதும் இறங்கியது. தண்டையும் விரல் பொத்தானையும் மேல் மூடியையும் மாட்டியதும் சிக்கியது. ஆக, கோளாறு மேலே.

தண்டைக் கழற்றி முகம் பார்க்கும் கண்ணாடியின் மேல் உருட்டினேன். நொண்டியது. பார்த்தால் தெரியாத வளைவு, ஆனால் கண்ணாடியில் அதன் பிம்பத்தோடு சேர்த்துப் பார்க்கும்போது நடுவில் ஒரு கீற்று வெளிச்சம் தோன்றித் தோன்றி மறைந்தது. தண்டின் ஒரு பக்கம் மட்டும் பளபளவென்று தேய்ந்திருந்தது. மேல் மூடியின் துளையில் அந்த இடம்தான் உரசியிருக்கிறது. மரப்பலகைமேல் வைத்து, மரத்துண்டால் அழுத்தி, உருட்டிப் பார்த்து, மறுபடி அழுத்தி, ஆறு ஏழு முறையில் நேரானது. மாட்டி அழுத்தினேன். விரலைத் தூக்கியதும் வால்வு கூடவே எழுந்து வந்தது. ஆறு மாதம் ஒரு குழந்தையை அழவைத்த கோளாறு இவ்வளவுதான்.

மூன்றாம் வால்வில் சின்னச் சிக்கல். அதன் பிளாஸ்டிக் வழிகாட்டித் துண்டின் ஓரத்தில் அச்சில் வார்த்தபோது மிஞ்சிய பிசிறு இருந்தது. கூரான கத்தியால் சீவி, 800 நம்பர் உப்புத்தாளில் இரண்டு இழுப்பு. அதற்கு மேல் தேய்த்தால் வால்வு இடவலமாக ஆடும், துளைகள் நேர்படாது. ஸ்பிரிங்குகள் மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திப் பார்த்தேன், ஒன்று குட்டையாக இருந்தது. கையால் ஒரு சுற்று அளவு மட்டும் நீட்டி மற்றதோடு சமமாக்கினேன்.

எல்லாம் சரியாக ஓடியும் ஒலி மங்கலாகவே இருந்தது. அப்போதுதான் ஃபெல்ட்டைப் பற்றி யோசித்தேன். விரல் பொத்தானுக்குக் கீழே உள்ள ஃபெல்ட்தான், வால்வை அழுத்தும்போது எந்த ஆழத்தில் நிற்க வேண்டும் என்று முடிவு செய்கிறது. மேல் மூடிக்கு உள்பக்கம், பிஸ்டனின் தலையில் உள்ள வட்டம், மேலே எழும்போது எங்கே நிற்க வேண்டும் என்று முடிவு செய்கிறது. இரண்டில் எது தவறினாலும் பிஸ்டன் துளையும் குழாய்த் துளையும் நேருக்கு நேர் வராது.

இதை நேரில் பார்க்கலாம். இரண்டாம் ஸ்லைடை முழுவதும் கழற்றிவிட்டு, இரண்டாம் வால்வை அடிவரை அழுத்திப் பிடித்து, அந்தக் குட்டைக் குழாய் வழியாகக் கைவிளக்கு அடித்துப் பாருங்கள். வட்டத்துக்குள் வட்டம் சரியாக உட்கார்ந்திருக்க வேண்டும். எனக்குத் தெரிந்தது கீழ் விளிம்பில் ஒரு பிறை. வெள்ளியாய் மின்னிய அந்தப் பிறை பிஸ்டனின் சுவர். வழியின் அடியில் ஒரு வாசற்படி போட்டது மாதிரி நின்றது. ஃபெல்ட் கனமாக இருந்ததால் பிஸ்டன் போதிய ஆழத்துக்கு இறங்கவில்லை. பழைய வாத்தியத்தில் ஃபெல்ட் தேய்ந்து மெலிந்திருந்தால் இதே பிறை மேல் விளிம்பில் தெரியும். என் கண்ணளவுக்கு ஒரு மில்லிமீட்டர் இருக்கும். 11.6 மி.மீ. அளவே உள்ள வழியில் ஒரு மில்லிமீட்டர் படி என்பது சாதாரணம் இல்லை. சவர பிளேடால் ஃபெல்ட்டைக் கிடைவாக்கில் கொஞ்சம் கொஞ்சமாகச் சீவி, ஒவ்வொரு முறையும் மாட்டி, விளக்கடித்துப் பார்த்தேன். நான்காவது முறை பிறை மறைந்தது. மற்ற இரண்டு வால்வுக்கும் அதே கனத்தில் வெட்டிப் போட்டேன். மேலே எழும் நிலையைப் பார்க்க, பக்கத்து வால்வை எடுத்துவிட்டு அந்த உறைக்குள் சின்னக் கண்ணாடியைச் சாய்த்து விட்டால், இரண்டையும் இணைக்கும் குறுங்குழாய் வழியே தெரியும். அது நல்லபடியாகவே இருந்தது, தொடவில்லை.

இரண்டாம் ஞாயிறு முழுக்க மூன்றாம் ஸ்லைடோடு போனது.

பித்தளையில் களிம்பு ஏறினால் பச்சையாக வெளியே தெரியும். ஸ்லைடின் உள்கால் வெளிக்குழாய்க்குள் மறைந்திருப்பதால் அங்கே களிம்பு பிடிப்பது தெரியாது, ஆட்ட மறந்த சில மாதங்களில் பசை போட்டது போல ஆகிவிடும். இளக்கும் எண்ணெயைப் பொருத்தின் விளிம்பில் விட்டு, தலைகீழாக நிறுத்தி, ஒரு நாள் விட்டேன். பிறகு முடி உலர்த்தியின் சூட்டை வெளிக்குழாய்மேல் மட்டும் காட்டினேன். வெளிக்குழாய் விரிய வேண்டும், உள்கால் குளிர்ந்தே இருக்க வேண்டும், அதுதான் கணக்கு. தீச்சுவாலை கூடவே கூடாது. ஈயப்பற்று 190 டிகிரிக்குள் உருகிவிடும், நீங்கள் இளக்க வந்தது ஸ்லைடை, கழன்று விழுவது தாங்கியாக இருக்கும். பருத்திக் கயிற்றை ஸ்லைடின் வளைவுக்குள் நுழைத்து, இரண்டு முனையையும் சேர்த்துப் பிடித்து, ஸ்லைடின் நேர்கோட்டில் சுண்டி இழுத்தேன். இழுக்கும்போது மூன்றாம் வால்வை யாராவது அழுத்திப் பிடித்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் உள்ளே வெற்றிடம் உண்டாகி அதுவே பின்னுக்கு இழுக்கும். பையன்தான் அழுத்திக்கொண்டான். எட்டாவது சுண்டலில் ஒரு நகக்கண் அளவு நகர்ந்தது. அதற்குப் பிறகு பத்து நிமிடத்தில் வெளியே.

களிம்பைத் துடைத்து, மெருகு போட்டு, திரும்ப விட்டால் இன்னும் இறுக்கமாகவே போனது. ஒரு சோதனை செய்தேன். ஸ்லைடைத் திருப்பிப் பிடித்து, ஒரு காலை மட்டும் அதன் குழாய்க்குள் விட்டேன், இலகுவாக ஓடியது. மற்றொரு காலை மட்டும் விட்டேன், அதுவும் ஓடியது. இரண்டையும் சேர்த்து விட்டால் மட்டும் பிடிக்கிறது. அப்படியென்றால் தடிமன் சரி, கால்கள் இணையாக இல்லை. வெர்னியர் அளவுகோலால் இரண்டு காலுக்கும் இடையிலான தூரத்தை வளைவுப் பக்கம் ஒரு முறை, நுனியில் ஒரு முறை அளந்தேன். நுனியில் 0.4 மி.மீ. கூடுதல். தொழிற்சாலையிலேயே இப்படித்தான் பற்றவைத்திருக்கிறார்கள். இரண்டு உள்ளங்கைக்கு நடுவே கால்களை வைத்து, மூச்சை அடக்கிக்கொண்டு அழுத்தி, அளந்து, மறுபடி அழுத்தி, 0.1-க்குக் கொண்டுவந்தேன். இங்கே அவசரப்பட்டால் வளைவில் பற்றவைத்த இடம் விட்டுப்போகும். கடைசியில் மெல்லிய எண்ணெய் கலந்த கம்பளிக் கொழுப்பைத் தடவி விட்டதும் ஸ்லைடு ஒரு விரலின் இழுப்புக்கு வந்தது.

இந்த ஒரு ஸ்லைடுக்கு ஏன் இவ்வளவு பாடு என்று அக்கா கேட்டாள். காரணம் உண்டு. பி-ஃபிளாட் டிரம்பெட்டின் குழாய் நீளம் சுமார் 148 செ.மீ. இரண்டாம் வால்வு அரைச்சுரம் இறக்க சுமார் 9 செ.மீ. குழாயைக் கூட்டுகிறது. முதல் வால்வு ஒரு முழுச்சுரத்துக்கு 18 செ.மீ. மூன்றாவது ஒன்றரைச் சுரத்துக்கு 28 செ.மீ. மூன்றையும் சேர்த்து அழுத்தினால் 55 செ.மீ. கூடும். ஆனால் மூன்று முழுச்சுரம் இறங்க உண்மையில் தேவை 61 செ.மீ. ஏனென்றால் ஏற்கெனவே நீண்டுவிட்ட குழாயை மேலும் இறக்க, அதே விகிதத்தில் கூடுதல் நீளம் வேண்டும். அந்த 6 செ.மீ. பற்றாக்குறையால் சுருதி அரைச்சுரத்தில் பாதி அளவு தூக்கலாக ஒலிக்கும். இதைச் சரிக்கட்டத்தான் மூன்றாம் ஸ்லைடில் விரல் மாட்டும் வளையம் இருக்கிறது. இரண்டு கால் உள்ள ஸ்லைடு என்பதால் 3 செ.மீ. வெளியே தள்ளினால் 6 செ.மீ. கிடைத்துவிடும். ஸ்லைடு இறுகிக் கிடந்தால் எப்பேர்ப்பட்ட உதடாக இருந்தாலும் அந்தச் சுரம் பொருந்தாது. இவனிடம் ஆறு மாதமாக அதைத்தான் கேட்டிருக்கிறார்கள்.

மூன்றாம் ஞாயிறு, காற்றுக் கசிவு தேடுதல். வால்வை அழுத்தாமல் இரண்டாம் ஸ்லைடைச் சிறிது வெளியே இழுத்து, மூன்று நொடி பொறுத்து, பிறகு வால்வை அழுத்தினால் 'பொப்' என்று கேட்க வேண்டும். கேட்டது, சுமாராக. மலிவு வாத்தியத்துக்கு அது போதும், கொஞ்சம் கெட்டியான வால்வு எண்ணெய் போட்டதும் இன்னும் நன்றாகக் கேட்டது. அடுத்து, ஒலி வெளியே வரும் அகன்ற முனையான பெல்லின் வாய்க்குள் பதமான ரப்பர்ப் பந்தை லேசாக அழுத்தி அடைத்துவிட்டு, ஒரு குழாய் வழியாக ஊதிக்கொண்டே, எல்லாப் பொருத்துகளிலும் சோப்புத் தண்ணீரைத் தூரிகையால் தடவினேன். பிரதான ஸ்லைடின் வாட்டர் கீயில், அதாவது உள்ளே தேங்கும் தண்ணீரை வடிக்கும் சின்னத் திறப்பில், குமிழி பூத்தது. ஸ்லைடில் குழாய்கள் சேரும் இடத்தைச் சுற்றியுள்ள ஒரு பட்டையின் ஓரத்திலும் சின்னதாக ஒன்று, ஊசி முனை அளவு.

வாட்டர் கீயின் தக்கையைக் கழற்றிப் பார்த்தேன். நன்றாக அடைக்கும் தக்கையில் குழாய் வாய் பதிந்த முழு வட்டத் தடம் இருக்கும். இதில் அரைவட்டம்தான் இருந்தது, மறு பாதியில் தடமே இல்லை. அந்தப் பாதி வழியாகத்தான் மூச்சு போயிருக்கிறது. சின்ன வாய்தானே என்று தோன்றும், ஆனால் கீழ் சுரங்கள் வராமல் போனதற்கு இதுவே பெரிய பங்கு. புதுத் தக்கையை வட்டமாக வெட்டினேன். கிண்ணத்தின் ஆழத்தைவிட ஒரு மில்லிமீட்டர் மட்டும் வெளியே தெரியும்படி கனம் வைத்து, ரப்பர்ப் பசையால் ஒட்டினேன். குழாய் வாயின் விளிம்பும் சமமாக இல்லை. ஒரு குச்சியின் நுனியில் உப்புத்தாளை ஒட்டி, நான்கைந்து சுற்றுத் தேய்த்ததும் சமமானது. பசை காயும்வரை கீயை மூடியே வைத்திருந்தால், தக்கை தானாகவே அந்த வாய்க்கு ஏற்றபடி சாய்ந்து உட்கார்ந்துகொள்ளும். மறுபடி சோப்புத் தண்ணீர் தடவினேன், குமிழி இல்லை.

பட்டை ஓரத்து ஊசிமுனைக் கசிவுக்கு ஈயம் வைக்க வேண்டும். அது பழகிய கை செய்ய வேண்டிய வேலை, லாக்கர் கருகாமல் செய்வது எனக்கு வராது. இப்போதைக்குச் சாராயத்தால் துடைத்து, நகப்பூச்சை ஒரே ஒரு மெல்லிய படலமாக ஓடவிட்டேன். எப்போது வேண்டுமானாலும் கரைத்து எடுத்துவிடலாம். இங்கே இரண்டு குழாய்ப் பசை, அதாவது எபாக்சி, போடுகிறவர்கள் பின்னால் பழுதுபார்க்க வருபவருக்குத் துரோகம் செய்கிறார்கள். எபாக்சி பட்ட இடத்தில் ஈயம் பிடிக்காது, ஒவ்வொரு துணுக்காகச் சுரண்டி எடுக்க வேண்டும். முதல் தாங்கியின் விரிசலையும் அப்படியே விட்டேன். இரண்டையும் சேர்த்து ஒரே முறையாகப் பழுதுபார்ப்பவரிடம் கொடுக்கப்போகிறேன்.

பெல்லில் கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு டொக்கு இருக்கிறது. அதையும் தொடவில்லை. பார்வைக்கு அசிங்கம், ஒலிக்கு அவ்வளவு கெடுதல் இல்லை. அகலமான இடத்தில் விழும் டொக்கைவிட, மவுத்பீஸ் பக்கத்துக் குறுகலான குழாயில் விழும் சின்ன நசுங்கல் அதிகம் கெடுக்கும். தகட்டைச் சுத்தியலால் தட்டினால் அது நீண்டு சுருங்காமல் அலையலையாக நிற்கும், உள்ளே உருளை வைத்து உருட்டித்தான் எடுக்க வேண்டும்.

என்னைக் கவலைப்படுத்துவது வேறு ஒன்று. மவுத்பீஸ் மாட்டும் குழாயில், லாக்கருக்கு அடியில் கடுகளவு இரண்டு இளஞ்சிவப்புப் புள்ளிகள். வாயின் ஈரமும் உணவுத் துணுக்கும் உள்ளே தங்கி, பித்தளையிலிருந்து துத்தநாகம் மட்டும் கரைந்து போனால் மிச்சம் நிற்பது செம்பு, அதுதான் சிவப்பாகத் தெரியும். உள்ளிருந்து அரித்துக்கொண்டு வெளியே வரும் நோய் இது. நடுவில் கருத்த புள்ளியும் சுற்றிச் சிவப்பு வளையமும் தோன்றினால் அந்தக் குழாயை மாற்ற வேண்டியதுதான். இப்போது வளையம் இல்லை. இரண்டு புள்ளியையும் சுற்றி மார்க்கரால் வட்டம் போட்டுத் தேதி எழுதி வைத்தேன். வட்டத்தைத் தாண்டுகிறதா என்று பார்க்கலாம். சாப்பிட்டால் வாய் கொப்பளித்துவிட்டு ஊதுவது, ஊதி முடித்ததும் இந்தக் குழாய்க்குள் துணி இழுப்பது, இரண்டையும் பையன் ஒப்புக்கொண்டிருக்கிறான்.

 

மூன்றாம் ஞாயிறு மாலை வாத்தியத்தை அவன் கையில் கொடுத்தேன். நேராகக் கீழ் சுரத்துக்குப் போகாமல், நடுவிலிருந்து ஒவ்வொன்றாக இறங்கினான். மூன்று விரலும் அழுத்த வேண்டிய கடைசிச் சுரம் முதலில் தூக்கலாக வந்தது. ஊதிக்கொண்டே மோதிர விரலை வளையத்தில் மாட்டி ஸ்லைடை வெளியே தள்ளினான். சுருதி மெல்ல இறங்கி, இடத்தில் போய் உட்கார்ந்தது. மூச்சு தீரும்வரை அதையே பிடித்துக்கொண்டிருந்தான். பிறகு வாட்டர் கீயைத் திறந்து தண்ணீரை வடித்துவிட்டு, மறுபடியும் அதே சுரத்தை ஊதினான்.